ரொட்டேஷன் நடுவில் ரெசிடென்சி இன்டர்வியூ: எதை எந்த மாதத்தில் வைப்பது

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (மருத்துவப் பட்டத்துக்குப் பிறகான துறைப் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி இது: "அக்டோபரில் ஒரு எலெக்டிவ் (விருப்ப ரொட்டேஷன்) கிடைத்திருக்கிறது. அதே நேரத்தில்தான் இன்டர்வியூவும் வருமாம். எடுக்கலாமா, விட்டுவிடலாமா?" ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்தவர்கள், கரீபியன் கல்லூரிகளில் சேர்ந்து இங்கே கிளினிக்கல் ஆண்டுகளில் இருப்பவர்கள், இங்கேயே எம்.டி. படிப்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நான் சொல்வது இதுதான்: பரிந்துரைக் கடிதம் வாங்குவதற்காகச் செய்யும் ரொட்டேஷன்களை, அதாவது ஒரு துறையில் சில வாரம் செய்யும் மருத்துவமனைப் பயிற்சிகளை, ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் ஒன்றை எடுப்பதென்றால் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்க வேண்டும்.

ஈராஸ் (ERAS) என்ற இணைய விண்ணப்ப முறையில் செப்டம்பரில் சமர்ப்பிக்கும் விண்ணப்பங்கள் அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் ரெசிடென்சி நடத்தும் புரோகிராம்களின் பார்வைக்குப் போகின்றன. அன்றைக்கு உங்கள் விண்ணப்பத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் முதலில் பிரிப்பார்கள். ஒரு புரோகிராமுக்கு நான்கு கடிதம் வரை அனுப்பலாம். தாமதமாக வரும் கடிதத்தையும் சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் முதல் சுற்றில் ஒதுக்கிவைத்த விண்ணப்பத்தை, புதுக் கடிதம் வந்திருக்கிறதே என்று மறுபடி எடுத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அட்டெண்டிங்கும் (டீமுக்குப் பொறுப்பான மூத்த மருத்துவர்) கேட்ட மறுநாளே எழுதித் தர மாட்டார். அதனால் ரொட்டேஷனின் மூன்றாவது வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது, என்னைப் பற்றி உறுதியாக எழுத உங்களால் முடியுமா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள்.

துறைக்குத் துறை இந்தக் கணக்கு மாறும். எமர்ஜென்சி மெடிசினில் 'ஸ்லோ' என்கிற மதிப்பீட்டுக் கடிதம் ரொட்டேஷன் செய்த இடத்திலிருந்துதான் வர வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் நிற்காது. ஆர்த்தோவில் வெளி ரொட்டேஷன் (வேறு மருத்துவமனையில் போய்ச் செய்வது) என்பதே நான்கு வாரம் நீளும் இன்டர்வியூ. யூராலஜிக்கும் கண் மருத்துவத்துக்கும் மேட்ச் (யாருக்கு எந்த இடம் என்று ஒதுக்குவது) முன்கூட்டியே நடக்கும், மார்ச் வரை போகாது. அங்கே எல்லாவற்றையும் இன்னும் முன்னால் தள்ள வேண்டும். இன்டர்னல் மெடிசினில் உள்ளூர் மாணவர்களுக்கு வெளி ரொட்டேஷன் பெரிய கட்டாயம் இல்லை. ஐ.எம்.ஜி. (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள்) ஆன நமக்கு அது வேண்டும், ஏனென்றால் அமெரிக்க மருத்துவமனையில் இவர் வேலை செய்ததைப் பார்த்தேன் என்று எழுத இங்கே ஒருவராவது இருக்க வேண்டும்.

அப்படியென்றால் அக்டோபர், நவம்பர் ரொட்டேஷன் வீணா? இல்லை. அந்தப் புரோகிராமிலேயே சேர வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்து, அவர்களும் தங்களிடம் ரொட்டேஷன் செய்பவர்களை இன்டர்வியூவுக்கு அழைக்கும் வழக்கம் உள்ளவர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். அங்கே இருக்கும்போதே உங்கள் இன்டர்வியூவை நடத்த முடியுமா என்றும் கோஆர்டினேட்டரிடம் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பட்டம் வாங்கி நாலைந்து வருஷம் ஆனவர்களுக்கும், விண்ணப்பித்த ஆண்டில் கையில் மருத்துவ வேலை எதுவும் இல்லை என்ற இடைவெளி தெரியாமல் இருக்க இது உதவும். சும்மா இருப்பதற்கு ஏதாவது செய்யலாமே என்பது மட்டும்தான் காரணம் என்றால், அந்த வாடகைப் பணத்தையும் நேரத்தையும் இன்டர்வியூ தயாரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடுப்பது என்று முடிவானால் எந்த சர்வீஸ் (மருத்துவமனைப் பிரிவு) என்பதில் கவனமாக இருங்கள். ஐ.சி.யூ. வேண்டாம். வார்டு டீமும் கஷ்டம்தான்: காலை ரவுண்ட்ஸும் இன்டர்வியூவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். நெஃப்ராலஜி, தொற்றுநோய், எண்டோகிரைன் போன்ற, மற்ற டீம்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்ட் சர்வீஸ்களிலும் புறநோயாளி கிளினிக்கிலும் ஓர் அரை நாளை நகர்த்துவது எளிது. எமர்ஜென்சியில் ஷிஃப்ட் முறை என்பதால் மாற்றிக்கொள்ளலாம். இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் மட்டும் இன்டர்வியூ வைத்துக்கொள்ளாதீர்கள், முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது விடுப்பு. விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பல இடங்களில் நான்கு வார ரொட்டேஷனில் இரண்டு நாளுக்கு மேல் போனால் ஈடுசெய்யச் சொல்வார்கள். அதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே சீனியர் ரெசிடென்ட்டிடமும் அட்டெண்டிங்கிடமும், இது என் இன்டர்வியூ சீசன், தேதி வந்ததும் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் எல்லோரும் இதே வழியாக வந்தவர்கள்தான். பெரியவர்களிடம் லீவு கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கிறது. ஹவுஸ் சர்ஜன் காலத்தில் பழகியது அது. இங்கே சொல்லாமல் காணாமல் போவதுதான் குற்றம். ஒரு வாரம் முன்னால் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மின்னஞ்சலில் நான்கு விஷயம் போதும்: எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அந்த நேரத்தில் உங்கள் நோயாளிகளை யார் பார்ப்பார்கள், எப்போது திரும்பி வருவீர்கள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள். மருத்துவ உலகம் சின்னது. புரோகிராம் டைரக்டர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் டீமில் ஓர் இலையுதிர் காலத்தில் இருந்த மாணவியை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். இன்டர்வியூ காலை எட்டரைக்கு. ஆறு மணிக்கே வந்து தன் இரண்டு நோயாளிகளையும் பார்த்து, குறிப்பு எழுதி, இன்டர்னிடம் வாய்விட்டு ஒப்படைத்துவிட்டு, வார்டுக்குப் பின்னால் இருந்த கால் ரூமுக்கு (டியூட்டி டாக்டர்கள் ஓய்வறை) போனாள். கதவில் "இன்டர்வியூ நடக்கிறது" என்று ஒரு தாள். ஒரு மணிக்குத் திரும்பி வந்தவள் முதலில் கேட்டது, காலையில் குறைந்திருந்த பொட்டாசியம் இப்போது எவ்வளவு என்பதைத்தான். அவள் இல்லாத அந்த நாலரை மணி நேரத்தை யாரும் குறையாக நினைக்கவில்லை. அட்டெண்டிங் தன் மதிப்பீட்டில் அந்தப் பொட்டாசியம் கேள்வியைக் குறிப்பிட்டு எழுதினார்.

2020-க்குப் பிறகு பெரும்பாலான இன்டர்வியூக்கள் திரையில்தான் நடக்கின்றன, அதனால்தான் அரை நாளில் முடிகிறது. முந்தின நாள் மாலையில் ரெசிடென்ட்டுகளுடன் ஒரு சந்திப்பும் பெரும்பாலும் இருக்கும். அந்த மாலையையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வைஃபையில் வீடியோ தடைபடலாம். முந்தின நாளே அதே அறையில், அதே நேரத்தில் போட்டுப் பாருங்கள். பின்னால் நோயாளி பெயர் எழுதிய பலகை தெரியக் கூடாது.

அழைப்பு வரும்போது ரவுண்ட்ஸில் இருந்தால் என்ன செய்வது என்று பதறுகிறார்கள். இருக்கும் இடங்களுக்கு மேல் அழைப்பு அனுப்பக் கூடாது, பதில் சொல்ல 48 மணி நேரமாவது தர வேண்டும் என்பது புரோகிராம்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் வழிமுறை. எல்லோரும் கடைப்பிடிப்பதில்லைதான். ஆனாலும் நோயாளியின் படுக்கையருகே நின்றுகொண்டு போனைப் பார்க்க அது காரணமில்லை. அழைப்பு மின்னஞ்சல்களுக்கு மட்டும் தனி ஒலி வைத்து, ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஓரமாகப் போய் இன்டர்வியூ தேதியைத் தேர்ந்தெடுங்கள். வேண்டாத இன்டர்வியூவை இரண்டு வாரம் முன்னாலேயே விட்டுக்கொடுங்கள், காத்திருக்கும் இன்னொருவருக்கு அது போகும்.

நேர வித்தியாசம் பலரைக் கவிழ்க்கிறது. டெட்ராய்ட் கிழக்கு நேரம், சிகாகோ மத்திய நேரம். இந்தியானாவிலேயே இரண்டும் உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அரிசோனாவின் பெரும்பகுதியில் போகாது. நீங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தால், நியூயார்க்கின் காலை எட்டு மணி அக்டோபரில் நமக்கு மாலை 5.30, நவம்பர் நடுவில் 6.30. கலிஃபோர்னியாவின் எட்டு மணி நவம்பரில் இரவு 9.30. தீபாவளி வீட்டுச் சத்தத்தோடு மோதாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊருக்குத் திரும்பிவிடுவது பற்றியும் யோசியுங்கள். இன்டர்வியூ திரையில்தான் என்றால் குளிர்காலம் முழுக்க இங்கே வாடகை கட்ட வேண்டியதில்லை. பி1/பி2 விசாவில் வந்தவர்கள் பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முடிவுத் தேதியை அல்ல, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) சொல்லும் தேதியை. பட்டம் வாங்கிவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப்தான் (பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி) கிடைக்கும். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் எலெக்டிவ் கிடைப்பது இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான். அதனால் இறுதியாண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் அந்த வாய்ப்பை நழுவ விடாதீர்கள்.

நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று டி.பி. பரிசோதனை. குழந்தையில் பி.சி.ஜி. போட்டிருப்பதால் தோல் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம். அப்புறம் எக்ஸ்ரே, கடிதம் என்று இழுத்து, ரொட்டேஷன் தொடங்கும் தேதியே தள்ளிப்போகும். ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனையான குவான்டிஃபெரான் ஏற்பார்களா என்று கேளுங்கள். தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி எதிர்ப்புச் சக்தி அளவுகளையும் ஊரிலேயே எடுத்து ஆங்கில அறிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் (இந்தப் புரோகிராமில் எனக்குத் தனி ஆர்வம் என்று விண்ணப்பத்தில் காட்டும் அடையாளம்) பற்றிச் சுருக்கமாக: 2025 மேட்ச்சுக்கு இன்டர்னல் மெடிசினில் 3 தங்கம், 12 வெள்ளி இருந்தன; ஆர்த்தோவில் 30. ரொட்டேஷன் செய்த இடத்துக்கும் சிக்னல் செலவழிக்க வேண்டுமா என்பது துறைக்குத் துறை வேறு. அந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், போன வருஷம் அண்ணன் செய்ததைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

2025 மேட்ச்சில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஐ.எம்.ஜி.க்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. ஒவ்வோர் இன்டர்வியூவும் நமக்கு அவ்வளவு முக்கியம். ரொட்டேஷனா இன்டர்வியூவா, இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால் இன்டர்வியூவை விடாதீர்கள்.

சந்தேகம் கேட்பவர்கள் துறை, பட்டம் முடித்த ஆண்டு, விசா வகை, கையில் இருக்கும் ரொட்டேஷன் தேதிகள் நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் மாதம் மாதமாகப் பிரித்துச் சொல்ல முடியும்.