கணினிக்கு மாற்றிய பிறகும் அப்பாவின் கேசட்டுகளை வைத்திருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி எழுப்பியவர்: மாசிவீதி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1978 முதல் 1999 வரை சேர்த்த கேசட்டுகள் 140 என்னிடம் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நிறுவனங்கள் வெளியிட்டவை அல்ல. மதுரையில் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில், தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கியவை. அக்காலத்தில் கேசட் வாங்கிய எவருக்கும் அந்த நடைமுறை நினைவிருக்கும். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டுதான் கொள்ளும் என்பதால், எதை எடுப்பது, எதை விடுவது என்று அப்பா இரண்டு நாள் யோசிப்பார். பட்டியலை வாங்கிப் பார்க்கும் கடைக்காரர், "இந்தப் பாட்டு என்னிடம் இல்லை, அதே படத்தில் வேறொன்று போடட்டுமா?" என்று கேட்பார். பிறகு நான்கு நாள் கழித்து வரச் சொல்வார். உள்ளே செருகும் அட்டையில் அவருடைய கையெழுத்தில் பாடல்களின் முதலடிகள் இருக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் இளையராஜாவும் அடுத்தடுத்து நிற்பது அப்பாவின் ரசனையோடு அந்தக் கடைக்காரரின் கையிருப்பும் கலந்ததால்தான்.

கடந்த இரண்டு ஆண்டுகளாக இவற்றை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி வந்தேன். இரு பாடல்களுக்கு இடையே உள்ள மௌனத்தைக் கண்டு ஒரு மென்பொருள் கோப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தந்தது. ஒலி தேய்ந்திருந்த பாடல்களுக்கு இணையத்தில் கிடைக்கும் தெளிவான பதிவுகளைச் சேர்த்துக்கொண்டேன். ஒரே பாட்டு இருமுறை வந்த இடங்களில் ஒன்றை நீக்கினேன். ஏறக்குறைய வேலை முடிந்துவிட்டது. ஆனால் முடித்த கோப்புகளை நான் கேட்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கை தானாகவே பழைய டூ இன் ஒன்னுக்குப் போகிறது. "எல்லாம் போனிலேயே இருக்கிறதே, இதைப் போய் எதற்குத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

எனவே இரண்டு கேள்விகள். கேசட்டில் இருக்கும் ஏதோ ஒன்று கோப்பில் உண்மையிலேயே வராமல் போகிறதா, அல்லது இது வெறும் பழைய நினைவின் பிடிப்புதானா? அடுத்தது, நடைமுறைச் சிக்கல்: சில கேசட்டுகள் கிறீச்சிடுகின்றன, சிலவற்றில் வெண்மையாகப் பூத்திருக்கிறது, இரண்டில் உள்ளே இருக்கும் பஞ்சுத்துண்டு கழன்று விழுந்துவிட்டது. இவற்றைக் காப்பாற்ற முடியுமா?

மறுமொழி 1: பெல்ட்டும் ஹெட்டும்

ஐயா, 30 ஆண்டுகளாக ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில் உங்கள் இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

வெண்மையாகப் பூத்திருப்பவற்றை இப்போது எந்தக் காரணத்துக்காகவும் ஓட விடாதீர்கள். அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில், மரப்பீரோவில் பல ஆண்டுகள் கிடந்த கேசட்டுகளில் இது சாதாரணம். ஒன்றை ஓட்டினால், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும் நாடாவை இழுக்கும் ரோலரிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவிவிடும். அவற்றைத் தனியாக ஒரு டப்பாவில் மூடி வைத்துவிட்டு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கிறீச்சிடுபவற்றை உள்ளங்கையில் இரண்டு பக்கமும் மெதுவாகத் தட்டி, ஒருமுறை முழுவதும் முன்னோக்கி ஓட்டி, மறுபடி பின்னோக்கிச் சுற்றுங்கள். பல ஆண்டுகளாக அசையாமல் இறுகிக் கிடந்த நாடா தளர்ந்து சீராகச் சுற்றிக்கொள்ளும், பெரும்பாலும் சத்தமும் நின்றுவிடும். நிற்காவிட்டால் உறையை மாற்ற வேண்டும். நான்கைந்து திருகு போட்ட உறை என்றால் பத்து நிமிட வேலை. ஒட்டி மூடிய உறை என்றால் மெல்லிய கத்தியால் விளிம்பைப் பிளந்துதான் எடுக்க வேண்டும், நிதானம் தேவை. பஞ்சுத்துண்டு என்று நீங்கள் சொல்வது நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்தும் ஃபெல்ட். பசை காய்ந்து விழுவதுதான் அதன் இயல்பு. பயனற்ற வேறொரு கேசட்டிலிருந்து அதைத் தாங்கும் தகட்டோடு எடுத்துப் பொருத்துங்கள். பசை தடவி ஒட்டப் போனால் நாடாவையும் சேர்த்து ஒட்டிவிடுவீர்கள்.

பதிவெடுப்பதற்கு முன் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்மானத்தைச் சரிசெய்தீர்களா? பெரும்பாலோர் செய்வதில்லை. ஹெட்டின் பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சிறு திருகு இருக்கும். கேசட்டை ஓட விட்டு, மோனோவில் (இடது, வலது ஒலிகள் இரண்டும் ஒன்றாகக் கலக்கும்படி) வைத்துக் கேட்டபடி அந்தத் திருகை மயிரிழை அளவு திருப்பினால், ஓரிடத்தில் தாளத்தட்டும் வயலினும் திடீரென்று திரை விலகியதைப் போல ஒலிக்கும். அந்த இடம் கேசட்டுக்குக் கேசட் மாறும். ஏனென்றால், உங்கள் தந்தையாருக்குப் பதிந்து கொடுத்த ஒவ்வொரு கடையின் டெக்கும் (பதிவுக் கருவியும்) தனக்கென்று ஒரு சாய்மானத்தில் இருந்தது. தேய்ந்துவிட்டது என்று கருதி நீங்கள் இணையத்திலிருந்து மாற்றிக்கொண்ட பாடல்களில் பல, உண்மையில் தேயாமலே இருந்திருக்கலாம்.

உங்கள் முதல் கேள்விக்கும் ஒரு சிறு தகவல் சொல்கிறேன். 90 நிமிடக் கேசட்டின் நாடா, 60 நிமிட நாடாவைவிட மெல்லியது. சுற்றி வைத்திருக்கும்போது ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் லேசாகப் படியும். நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதால், சுருளின் பருமனைப் பொறுத்து ஒன்றரை வினாடி முதல் மூன்று வினாடி வரை முன்னதாகவே, வரப்போகும் பாட்டின் சாயல் மௌனத்தில் மங்கலாகக் கேட்கும். மௌனத்தை வெட்டி எறியும் மென்பொருள் அதையும் சேர்த்து எறிந்திருக்கும். அதைக் குறை என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் வாடிக்கையாளர்கள் சிலர், "பாட்டு வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுமே, அது எங்கே போயிற்று?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

மறுமொழி 2: சமிக்ஞைநோக்கி

மேலே உள்ள நண்பர் சொன்ன பராமரிப்பு முறைகள் அனைத்தும் சரியானவை. ஆயினும் கேசட்டைப் பற்றிய இந்த உருக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

இந்த வடிவத்தை உருவாக்கிய குழுவின் தலைவர், பிலிப்ஸ் நிறுவனத்துக்கு பெல்ஜியத்தின் ஹாசல்ட் நகரில் இருந்த தொழிற்சாலையில் பணியாற்றிய லூ ஓட்டென்ஸ். கருவி எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, தம் மேலங்கிப் பையில் அடங்கும்படி ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்தக் கட்டை பின்னாளில் கார்ச் சக்கரம் மாற்றும்போது முட்டுக்கொடுக்கப் பயன்பட்டு அங்கேயே தொலைந்துபோனது. ஆக, எடுத்துச்செல்லும் வசதிதான் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் வெளிவந்த இப்பொருளின் முதல் நோக்கம். இசைக்கு ஏற்ற தரம் பின்னால்தான் மெல்ல மெல்லச் சேர்ந்தது. குரோமியம் டை ஆக்சைடு நாடா, டால்பி இரைச்சல் குறைப்பு, உலோக நாடா ஆகிய அனைத்தும், மிக மெதுவாக ஓடும் 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவின் போதாமையை ஈடுகட்ட வந்த வைத்தியங்கள். 1979-இல் வாக்மேன் வந்ததும் அது உலகெங்கும் பரவியதற்குக் காரணம் ஒலித்தரம் அன்று, காதில் மாட்டிக்கொண்டு நடக்க முடிந்ததுதான். ஓட்டென்ஸ் பின்னர் குறுந்தகட்டு உருவாக்கத்திலும் பங்கேற்றார். கேசட்டின் மீது அவருக்குத் தனிப் பற்று ஏதும் இருக்கவில்லை, குறுந்தகடு மேலானது என்றே அவர் கருதினார். 2021-இல் அவர் மறைந்தபோது அவருக்காக உருகியவர்கள், அவரே உருகாத ஒன்றுக்காகத்தான் உருகினார்கள்.

இரைச்சல் குறைப்பு இல்லாத சாதாரணக் கேசட்டில், மிக உரத்த ஒலிக்கும் அடித்தள இரைச்சலுக்கும் இடையே 50 டெசிபல் அளவுதான் இடைவெளி. குறுந்தகட்டில் அது 96. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நாடா சிறிது தேய்கிறது. கேள்வி கேட்டவர் உண்மையிலேயே தம் தந்தையின் தொகுப்பை மதிக்கிறார் என்றால், நன்றாகப் பதிவெடுத்து மூன்று இடங்களில் சேமித்துவிட்டு, கேசட்டுகளுக்கு ஓய்வு கொடுப்பதே முறை.

மறுமொழி 3: வலிகாமத்தான்

வணக்கம் மாசிவீதி அண்ணா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இப்போது ரொறன்ரோவில் வசிக்கிறேன். எங்கள் கதை சற்று வேறு மாதிரியானது.

1990-இல் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. ஆனபடியால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோவும் ரேப் றெக்கோடரும் கேட்டோம். அந்த நாள்களில் குடாநாட்டில் வளர்ந்தவர்களிடம் விசாரித்தால், இதைச் செய்யாதவர் அரிது என்று சொல்வார்கள். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாட்டு இழுபடும். உடனே எல்லோரும் அவரைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள். பாட்டை ரசிக்க வாய்க்காத ஒரே ஆள் அவர்தான்.

என்னிடம் ஒரு கசெற் இருக்கிறது. என் அண்ணர் பெடலைச் சுற்ற, நான் றேடியோவிலிருந்து பாட்டுகளைப் பதிந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு, சீரான மின்சாரத்தில் ஓடும் நல்லதொரு டெக்கில் அதைப் போட்டபோது ஒன்றைக் கவனித்தேன். பதியும்போது அண்ணரின் கை தளர்ந்த இடங்களில் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. அதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது அந்த இடங்களில் பாட்டு விரைந்து, பாடுபவரின் குரல் மெலிந்து மேலே போகிறது. ஒவ்வொரு பாட்டின் கடைசிச் சரணத்திலும் அப்படித்தான். கை மாற்றிக்கொண்டு மீண்டும் வேகமெடுக்கும் இடமும் தெளிவாகத் தெரிகிறது. பதிவகம் ஒன்றில் இதைக் கணினிக்கு மாற்றக் கொடுத்தேன். சுருதி ஏறி இறங்குவதைச் சமன்செய்து தரலாம் என்று அன்போடுதான் சொன்னார்கள். வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

சமிக்ஞைநோக்கி ஐயா சொல்லும் கணக்கில் எனக்குப் பிணக்கு இல்லை. இந்தக் கசெற்றின் டெசிபலை அளந்தால் 50 கூட வராது.

மறுமொழி 4: சமிக்ஞைநோக்கி

வலிகாமத்தான் அவர்களுக்கு வணக்கம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே மறுமொழி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் அண்ணரின் கை தளர்ந்த இடங்கள், சமன்செய்யாமல் எடுத்த கோப்பிலும் அப்படியே இருக்குமே! கோப்பு அவற்றை இழக்கவில்லை, திருத்துகிறவர்தான் இழக்கச் செய்கிறார். எனவே மாசிவீதி அவர்களின் முதல் கேள்விக்கு என் பதிலைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். மாற்றியது தவறில்லை, பிரித்ததும் வெட்டியதும் நல்ல பதிவுகளால் நிரப்பியதும்தான் தவறு. பக்கத்துக்கு ஒரு கோப்பாக, நாடாவின் தொடக்க இரைச்சலிலிருந்து கடைசியில் டக்கென்று நிற்கும் ஓசை வரை, ஒன்றையும் தொடாமல் எடுத்துப் பாருங்கள். உங்கள் வலிகாமத்துக் கசெற்றையும் அப்படி எடுத்து வைப்பது அவசியம், ஐயா. அதற்கு வேறு படி கிடையாது.

கேள்வி எழுப்பியவர்: மாசிவீதி

மறுமொழி அளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரு கேசட்டை மட்டும், ஹெட் திருகைச் சரிசெய்து, பக்கத்துக்கு ஒரு கோப்பாக மறுபடி எடுத்தேன். பெல்ட்டும் ஹெட்டும் ஐயா சொன்னது சரிதான், தேய்ந்துவிட்டது என்று நான் ஒதுக்கிய மூன்று பாடல்களில் இரண்டு நன்றாகவே இருந்தன.

இரட்டிப்பு என்று நான் நீக்கிய பாட்டின் கதையும் தெரிந்துவிட்டது. ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து அறுபடுகிறது. அதே பாட்டு பி பக்கத்தின் தொடக்கத்தில் முதலிலிருந்து முழுமையாக வருகிறது. அப்பாவின் பட்டியலில் அது ஒருமுறைதான் இருந்தது. பாதியில் நின்றுபோனதைக் கண்ட கடைக்காரர், பக்கம் திருப்பி, தாமாகவே மறுபடியும் பதிந்து கொடுத்திருக்கிறார். அதற்கு இடம் வேண்டி, பி பக்கத்தில் அப்பா கேட்டிருந்த ஒரு பாட்டை விட்டிருக்கிறார் என்பது அட்டையில் அடித்து எழுதியிருப்பதிலிருந்து தெரிகிறது. வீட்டில் அந்தப் பாட்டை நாங்கள் எப்போதும் ஒன்றரை முறை கேட்டுத்தான் வளர்ந்தோம். அதுதான் அதன் முழு நீளம் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். என் மென்பொருள் அந்த அரையை எங்கே கொண்டுபோய்ப் போட்டது என்று பழைய கோப்புறைகளில் தேடினேன். கிடைக்கவில்லை. நல்லவேளை, கேசட்டை எறிந்துவிடவில்லை.

இன்னும் 139 இருக்கின்றன. பூஞ்சை பிடித்த பதினொன்றை டப்பாவில் மூடி வைத்துவிட்டேன். பெல்ட்டும் ஹெட்டும் ஐயா, அவற்றைச் சுத்தம் செய்யும்போது நாடாவை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியில் ஓட விடலாமா, அல்லது உலர்ந்த துணி போதுமா? முதல் கேசட்டில் கை வைக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று காத்திருக்கிறேன்.