சிங்காரவேலர் தொழிற்சங்கத் தலைவரா, நூலகத்துச் சிந்தனையாளரா?

சுவடி:
மே மாதம் பிறந்தால் போதும், "முதல் மே தினம் கொண்டாடியவர், தொழிற்சங்கத் தந்தை" என்ற வரியோடு பொதுவுடைமைச் சிந்தனையாளர் ம. சிங்காரவேலரின் படம் இணையத்தில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. முதல் பாதியில் எனக்குச் சண்டையில்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி, தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் அறிவித்தார். உறுத்துவது அந்தத் 'தந்தை'. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1918 ஏப்ரலில். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும். தலைமை பிரம்மஞான சபைக்காரரான பி.பி. வாடியா, உடன் திரு.வி.க. சங்கம் என்றால் சந்தா வசூல், வரவு செலவு, மேஸ்திரி அடித்த புகாரைக் கேட்பது. சிங்காரவேலர் படித்தார், எழுதினார், பெரிய நூலகம் வைத்திருந்தார். சின்ன விஷயமல்ல, ஆனால் வேறு வேலை.

பொன்மலை:
சந்தா வாங்கியவர்தான் தலைவர் என்றால் கணக்குப்பிள்ளைகளுக்குத்தான் சிலை வைக்க வேண்டும். 1928ஐ எப்படித் தாண்டிப் போனீர்கள்? தென்னிந்திய ரயில்வே நிர்வாகம் நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறை வேலைகளைத் திருச்சியை அடுத்த பொன்மலைக்குக் கொண்டுவந்து ஒன்றாக்கியது. அதோடு ஆட்குறைப்பு. யார் தங்குவது, யார் போவது என்று முடிவு செய்யத் திறன் தேர்வு வேறு. இருபது வருடம் சுத்தியல் பிடித்தவனை நிறுத்தி வைத்து "உனக்கு வேலை தெரியுமா, காட்டு" என்றால் எப்படி இருக்கும்! (நான் வளர்ந்ததே பட்டறைக் குடியிருப்பில். சங்கு ஊதினால் எங்கள் தெருவில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள்.) அந்த ஜூலை வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது சிங்காரவேலருக்கு வயது 68. சதி வழக்கில் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். மேல்முறையீட்டில்தான் அது பதினெட்டு மாதமாகக் குறைந்தது. நூலகத்தில் உட்கார்ந்து படித்ததற்கா இந்தத் தண்டனை?

சுவடி:
சிறை துணிச்சலுக்குச் சான்று, அமைப்புத் திறமைக்கு அல்ல. அந்த வேலைநிறுத்தம் ஜூலை மாதத்தைக்கூடத் தாண்டவில்லை. தலைவர்களைப் பிடித்ததும் சரிந்துவிட்டது. வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய முகுந்தலால் சர்க்காரும் சிங்காரவேலரும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் அல்லர், வெளியிலிருந்து வந்தவர்கள். இரண்டு பேரைத் தூக்கினால் விழுகிற கூரைக்கு எத்தனை தூண் நட்டிருந்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பொன்மலை:
தொழிற்சங்கச் சட்டம் 1926இல்தான் வந்தது. இரண்டு வருடத்தில் எத்தனை தூண் நட முடியும்? உள்ளே இருப்பவன் வாய் திறந்தால் மறுநாள் வேலை இல்லை. அதனால்தான் வக்கீலும் பத்திரிகைக்காரரும் முன்னால் நின்றார்கள். நீங்கள் போற்றும் வாடியா மட்டும் தறி ஓட்டினாரா?

நெய்தல்:
இருவருமே அவர் எங்கிருந்து வந்தார் என்பதை விட்டுவிட்டீர்கள். 1860இல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, வக்கீலானவர். பௌத்தத்தில் ஈடுபட்டதும் இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1921இல், ஒத்துழையாமைக் காலத்தில், வக்கீல் தொழிலைத் துறந்தார். அதே ஆண்டில்தான் பெரம்பூரின் அந்தப் பின்னி ஆலை வேலைநிறுத்தம் சாதியால் இரண்டாகப் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கூலியை மட்டும் பேசுகிற சங்கம் எங்கே உடையும் என்பதை அந்த ஊர் கண்ணால் பார்த்தது. பிறகு அவர் பெரியாரோடு சேர்ந்து 'குடி அரசு' இதழில் அறிவியலும் பொதுவுடைமையும் எழுதியதை நான் அந்தப் புகையிலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். இன்னொன்று: மாநகராட்சி உறுப்பினராகப் பள்ளிகளில் மதிய உணவை முதலில் கொண்டுவந்ததும் அவரே.

சுவடி:
கடைசி வரியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு 1920இல் மாநகராட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கில் தொடங்கியது. சிங்காரவேலர் மன்றத்துக்கு வந்தது பின்னால். கிடைத்த மாலையையெல்லாம் ஒரே கழுத்தில் போடுகிற இந்தப் பழக்கத்தோடுதான் என் சண்டையே. மற்றபடி சாதி பற்றிச் சொன்னது சரி. நான் யோசிக்காத கோணம்.

நெய்தல்:
திருத்திக்கொள்கிறேன்.

பொன்மலை:
1932 டிசம்பரில் ஈரோட்டில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த திட்டத்தையும் பாருங்கள். ரயில்வே, வங்கி, கப்பல் போக்குவரத்து எல்லாம் மக்களுடைமையாக வேண்டும் என்று கேட்கிறது. ரயில்வேக்காரர்களுக்காகச் சிறைக்குப் போய், 1930இல் வெளியே வந்தவர் எழுதியது. நீங்கள் 'வேறு வேலை' என்று பிரித்தீர்களே, அவரிடம் அந்தப் பிரிவினை இல்லை.

சுவடி:
அந்தத் திட்டமும் மூன்று வருடம் தாங்கவில்லையே. 1934இல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை, அரசின் நெருக்கடி, பெரியாரின் பின்வாங்கல், ஜீவா முதலியோரின் விலகல். சிங்காரவேலர் இருபுறமும் முழுக்கச் சொந்தமாகாமல் நின்றுவிட்டார். பொதுவுடைமைக்காரர்களிலும் ஒரு சாரார் கட்சி பிறந்தது 1920 தாஷ்கண்டில் என்கிறார்கள், இன்னொரு சாரார் 1925 கான்பூரில் என்கிறார்கள். கான்பூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவர். எந்த ஆண்டை எடுத்துக்கொள்கிறோமோ, அதற்கேற்ப இவருடைய நாற்காலியும் முன்னும் பின்னும் நகர்கிறது. சரி, 'முன்னோடி' என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை. 'தந்தை' மட்டும் வேண்டாம்.

பொன்மலை:
'தந்தை'யை நானும் கேட்கவில்லை, அது நீங்கள் பார்த்த படத்தில் இருந்தது. 'தலைவர்' என்ற சொல்லை மட்டும் விட மாட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம் பெயர்ந்த குடும்பங்களைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். அங்கே வந்து மீதியைத் திட்டுங்கள்.