கோல்டன்ராட் தண்டு உருண்டைக்குள் இருப்பது கூன்வண்டா?

வேலியோரம் (ஸ்கார்பரோ, கனடா):
வணக்கம். எங்கள் வீட்டு வேலியோரம் கோல்டன்ராட் என்ற மஞ்சள் பூச்செடி மண்டிக் கிடக்கிறது. இலை கருகிய பிறகுதான் கண்ணில் பட்டது, தண்டு நடுவே கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டைகள். ஒன்றைப் பிளந்தேன். ஒல்லியான வெள்ளைப் புழு, தூள் அடைத்த பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக. இந்தச் செடியில் கூன்வண்டு (நீண்ட மூக்குள்ள வண்டு) உண்டு என்கிறார்களே, அதன் புழுவா?

வண்டுப்பித்தன்:
லென்ஸ் வைத்து முதலில் தலையைப் பாருங்கள், அப்புறம் காலை. கூன்வண்டுப் புழுவுக்குப் பழுப்புத் தலை உண்டு, கால் கிடையாது. ஈப்புழுவுக்கு இரண்டுமே கிடையாது, பீப்பாய் போலக் கொழுத்திருக்கும். தலையும் மூன்று ஜோடி குட்டிக் கால்களும் இருந்தால் மார்டெல்லிஸ்டெனா வண்டு. தூள் அடைத்த பாதை என்பதால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம்.

உருண்டை உண்டாகக் காரணம் யூரோஸ்டா சாலிடாஜினிஸ் என்ற ஈ. மார்டெல்லிஸ்டெனா வண்டு அந்த உருண்டைமேல் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துச் சதையைத் தின்னும், வழியில் ஈப்புழு அகப்பட்டால் அதையும் விடாது.

எனக்கு அலுக்கவே அலுக்காதது அந்த ஈயின் கதை. வளர்ந்த ஈக்குக் கடிக்கும் வாய் இல்லை. அதனால் புழுவாக இருக்கும்போதே, குளிருக்கு முன், வெளியேறும் வழியை மேல்தோல்வரை குடைந்து வைத்துவிடும். வசந்தத்தில் ஈ நெற்றியில் ஒரு பையை உப்பவைத்து, மிச்சமிருக்கும் மெல்லிய தோலை முட்டி உடைத்து வரும்.

பனிக்காடு:
குளிரையும் சொல்லுங்கள்! அந்த ஈப்புழுவின் உடம்பில் பனிக்கட்டியே உறையும், ஆனாலும் சாகாது. கிளிசரால், சார்பிட்டால் என்ற குளிர்காப்புப் பொருள்களைச் சேர்த்து வைத்து செல்களைக் காத்துக்கொள்கிறது. உருண்டையில் கூம்பாக, சுத்தமாக ஒரு ஓட்டை இருந்தால் டவுனி மரங்கொத்தியின் வேலை. பிய்த்துப் போட்டது போலிருந்தால் சிக்கடி என்ற சின்னக் குருவி. இரண்டுமே பெரிய உருண்டையாகப் பார்த்துத்தான் கொத்தும். சின்னதில் இருக்கும் புழுவுக்கு எமன் யூரிடோமா ஜைகாண்டியா என்ற குளவி. உருண்டையின் தோல் தடிமனானால் குளவியின் முட்டையிடும் ஊசி உள்ளே எட்டாது.

வேலியோரம்:
பழுப்புத் தலை இருக்கிறது, அதன் பின்னால் கால்களும் தெரிகின்றன. அப்போது மார்டெல்லிஸ்டெனாதான். மற்ற உருண்டைகளை வீட்டுக்குள் வைத்து வளர்க்கலாமா?

வண்டுப்பித்தன்:
வீட்டுக்குள் வேண்டாம். சூட்டில் நடுக்குளிர்காலத்திலேயே வெளிவந்து, தின்னவும் துணைதேடவும் எதுவுமின்றிச் செத்துப்போகும். ஜாடியில் போட்டு, வாயை வலையால் கட்டி, வெளியே நிழலில் வையுங்கள். வால் கூராக, கறுப்பாக, தொட்டதும் துள்ளிப் புரளும் வண்டு வந்தால் அதேதான். கூன்வண்டைப் பார்க்க ஆசையென்றால் ஆகஸ்டில் பூங்கொத்தின் அடியில் வெள்ளைத் துணி விரித்துத் தட்டிப் பாருங்கள். நீண்ட மூக்கும் அதில் முழங்கை போல மடிந்த உணர்கொம்பும் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.