வேலை இடத்தில் மனநலம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குடந்தைக்காரன்:
தீபாவளி சீசன், ஜவுளிக்கடை, பேர் வேண்டாம். தூக்கமே இல்லாமல் போய், பில் போடும்போது கை நடுங்க ஆரம்பித்ததால் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் காட்டினேன். லீவுக்காக அங்கே தந்த ஓபி சீட்டைக் கொடுத்தால், சூப்பர்வைசர் கல்லா முன்னால் நின்று "மனநலப் பிரிவு" என்று சத்தமாக வாசித்தார். சேலை மடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மறுநாளே என்னைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். "ரெஸ்ட் எடுங்க தம்பி" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவர் வாசித்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு அக்கா மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க அண்ணனும் மாத்திரை போட்டுத்தான் தூங்குறார், நீ சாப்பிடு" என்றார்.

கடைமடை:
நான் ஃபைனான்ஸில் வசூல் வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டில் கூரையே இல்லை, அந்த அம்மா பாஸ்புக்கை மட்டும் எடுத்து நீட்டினார். அடுத்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியவன் இறங்கவே முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மேனேஜரிடம் சொன்னேன். யார் காதுக்கும் போகாமல் ஆபீஸ் வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். அதனால் மறைக்காதீர்கள், நேராகச் சொல்லிவிடுங்கள்.

மன்னைவாசி:
@கடைமடை, உங்களுக்கு நல்ல மனுஷர் வாய்த்தார் சார், எல்லாருக்கும் அப்படியா? எங்கள் ரைஸ்மில்லில் கணக்கு எழுதியவர் ஒருவர் உங்களை மாதிரிதான் முதலாளியிடம் மனம்விட்டுச் சொன்னார். அப்புறம் மூட்டைக் கணக்கு இடித்தபோதெல்லாம் அவரைத்தான் முதலில் பார்த்தார்கள், அவரே நின்றுவிட்டார். சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு, யாரும் தள்ளிவிடக் கூடாது. குடந்தைத் தம்பி, கேட்காமலே சொல்கிறேன்: லீவுக்கு முழுச் சீட்டையும் கொடுக்காதீர்கள். ஓய்வு தேவை என்று மட்டும் தனியாகச் சான்று எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவர் கடமை. உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது, கடையில் குரூப் பாலிசி இருந்தால் விசாரியுங்கள். ராத்திரி முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். பேர் சொல்லக்கூட வேண்டாம்.

குடந்தைக்காரன்:
சரிண்ணே. சீட்டின் தலைப்பிலேயே பிரிவு பேர் அச்சாகி வருதே, தனிச் சான்று அதே ஓபியில் தருவார்களா? வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள், அடுத்த வாரம் திரும்பப் போகணும்.