புதுப்பிப்பு: ஏலத்தில் வென்றும் ஓடாத வீடியோ விளம்பரம்

முந்தைய பதிவில் கேட்டது இது: பிரீபிட் (இணையதளத்தின் விளம்பர இடத்தை விளம்பரதாரர்களிடம் ஏலம் விடும் மென்பொருள்) ஏலத்தில் விலை வருகிறது, எந்த விளம்பரம் ஓடும் என்று முடிவு செய்யும் கூகுள் ஆட் மேனேஜரில் அந்த விலைக்கான லைன் ஐட்டமும் (விளம்பரப் பதிவு) வெல்கிறது, ஆனால் பிளேயரில் கறுப்புத் திரை, வாஸ்ட் (வீடியோ விளம்பர விவரத்தைப் பிளேயருக்குச் சொல்லும் கோப்பு வடிவம்) பிழை 303, அதாவது விளம்பரம் எதுவும் கிடைக்கவில்லை. காரணம் பிடிபட்டுவிட்டது.

பக்கம் திறந்த உடனே ஏலம் நடக்கிறது. பார்ப்பவர் பத்து நிமிடம் கழித்துத்தான் பிளே பொத்தானை அழுத்துகிறார். வென்ற வாஸ்ட் கோப்பு பிரீபிட் கேஷில் (தற்காலிகச் சேமிப்பகம்) ஏலதாரர் சொன்ன ஆயுள்வரைதான் இருக்கும். பலர் 300 வினாடிதான் தருகிறார்கள். பிளே அழுத்துவதற்குள் அந்தக் கோப்பைக் குறிக்கும் அடையாள எண்ணான யுயுஐடி காலாவதி. லைன் ஐட்டம் விலைச் சாவியை (ஏலத்தில் வந்த விலையைச் சொல்லும் குறிப்பு) மட்டும் பார்ப்பதால் வென்றுவிடுகிறது, ஆனால் அதிலுள்ள கிரியேட்டிவ் (ஓட வேண்டிய விளம்பரம்) கோப்பைத் தேடிப் போய்த் தட்டும் இடம் காலி.

தீர்வு: பிளே அழுத்தியதும் ஏலத்தைத் தொடங்குங்கள். காத்திருக்கும் நேரத்தை 1500 மில்லி வினாடிக்குள் வையுங்கள். ஏலம் முடிந்ததும் தானாக ஓடும் நிரல் அழைப்புக்குள்ளேயே (callback) விளம்பர முகவரியை உருவாக்கிப் பிளேயரிடம் கொடுங்கள். முன்கூட்டியே ஏலம் வேண்டுமென்றால், ஆயுள் முடிந்திருக்கிறதா என்று சரிபார்த்து மறு ஏலம் விட வேண்டும்.

இதைத் தேடும்போது இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. பிரீபிட்டின் வழக்கமான விலைப் படிகள் (வந்த விலையைக் கீழ்நோக்கி முழுமையாக்கும் அளவுகள்) ஆயிரம் காட்சிக்கு 20 டாலரில் நின்றுவிடும். வீடியோவில் 28 டாலர் வந்தாலும் 20 என்றே போகும், விளம்பரதாரரிடம் நேரடியாக விற்ற விளம்பரத்திடம் அநியாயமாகத் தோற்கும். வீடியோவுக்கு மட்டும் 50 வரை தனிப் படி அமையுங்கள். அதே படிகளுக்கு லைன் ஐட்டங்களும் இருக்க வேண்டும்.