ஐபைவிட்ஜெட்ஸ் ஆப்ஷன் தேடுற டூலுக்கு டாக்ஸ் (டாக்குமென்டேஷன்) எப்படி எழுதுறது?

தறிநூல்:
வணக்கம். எங்க டீம்ல ஜூபிடர் நோட்புக்ல (பிரவுசர்லயே பைத்தான் கோடு எழுதி ஓட்டுற இடம்) டாஷ்போர்டு செஞ்சு வொய்லா (நோட்புக்க வெப் பக்கமா காட்டுற டூல்) வழியா ஓட்டுறோம், ஸ்லைடர் டிராப்டவுன் பட்டன் எல்லாமே ஐபைவிட்ஜெட்ஸ்ங்கிற பைத்தான் லைப்ரரியிலேர்ந்துதான். எந்த விட்ஜெட்டுக்கு என்ன ஆப்ஷன்னு தேடியே பாதி நாள் போயிடுதுன்னு நானே சின்னதா ஒரு பைத்தான் டூல் எழுதினேன், விட்ஜெட் பேரைக் கொடுத்தா அதோட கீஸ் (ஆப்ஷன் பேருங்க), டைப், டீஃபால்ட் வேல்யூ எல்லாத்தையும் டேபிளா காட்டும். நல்லாவே ஓடுது. ஆனா யாரும் தொடுறதில்ல. ரீட்மீல எல்லா விட்ஜெட்டுக்கும் கையால டேபிள் போட்டு 14 பக்கம் எழுதி வச்சிருக்கேன், ரெண்டு வாரம் உக்காந்து எழுதினது, அப்புறமும் புதுசா சேர்ந்தவங்க என்கிட்டயே வந்து "லேபிள் பாதியில வெட்டுப்பட்டு புள்ளி புள்ளியா வருது, எதை மாத்தணும்"னு கேக்குறாங்க. டாக்ஸ எப்படி மாத்தி எழுதினா படிப்பாங்க?

மணிக்கூண்டு:
முதல்ல அந்த 14 பக்கத்த தூக்கிடுங்க, கஷ்டமாத்தான் இருக்கும். நீங்க எழுதினதுல முக்கால்வாசி அந்த கிளாஸ் உள்ளயே இருக்கு. ஐபைவிட்ஜெட்ஸ் ட்ரெய்ட்லெட்ஸுங்கிற இன்னொரு பைத்தான் லைப்ரரி மேல கட்டினது, அதனால ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் டைப், டீஃபால்ட் எல்லாம் கூடவே வரும், நிறைய இடத்துல ஒரு வரி ஹெல்ப்பும் இருக்கும், பட்டன் ஸ்டைல் மாதிரி குறிப்பிட்ட வார்த்தைங்கள மட்டும் ஏத்துக்குற ஆப்ஷன்னா அந்த லிஸ்ட்டும் கிடைக்கும். டேபிள அதுலேர்ந்து டாக்ஸ் பில்டு ஓடும்போதே தானா எடுத்துக்கோங்க, மேல எந்த வெர்ஷன்னு கட்டாயம் போடுங்க. 2022ல 8.0 வந்தப்போ டிஸ்கிரிப்ஷன் டூல்டிப்புங்கிற ஆப்ஷன் (மவுஸ வச்சா வர்ற குறிப்பு) பேரு வெறும் டூல்டிப்னு மாறிச்சு, ஸ்லைடருக்கு பிஹேவியர்னு புது ஆப்ஷன் வந்துச்சு. கையால எழுதின டேபிள் அன்னிக்கே பழசாயிருக்கும். அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கிற கீஸ காட்டாதீங்க, அதெல்லாம் பைத்தானும் பிரவுசரும் பேசிக்கிறதுக்கு, புதுசா வர்றவங்க அத பாத்தே மிரண்டுடுவாங்க.

கருவேலம்:
மணிக்கூண்டு சொன்னது சரி, ஆனா அந்த டேபிள் வந்தாலும் லேபிள் கேள்விக்கு பதில் வராதுங்க. லேபிள் அகலம் ஸ்லைடர்ல இல்லவே இல்ல, ஸ்டைல்னு ஒரு தனி ஆப்ஜெக்ட் இருக்கே அதுக்குள்ள டிஸ்கிரிப்ஷன் வித்னு இருக்கும், அதுக்கு இனிஷியல்னு கொடுத்தா முழு லேபிளும் தெரியும். மொத்த விட்ஜெட்டோட அகலம்னா அது லேஅவுட்டுக்குள்ள. உங்க டூல் மேல்மட்டம் மட்டும்தான் காட்டுதுன்னா அவங்களுக்கு ஸ்டைல்னு ஒரு வரி தெரியும், அவ்வளவுதான், அதுக்குள்ள போகணும்னு எப்படி தோணும்? ஸ்டைலையும் லேஅவுட்டையும் விரிச்சுக் காட்டுற மாதிரி டூலயே மாத்துங்க, இது டாக்ஸால தீராது.

அப்புறம் முதல் பக்கம். ஆப்ஷன் பேரு தெரிஞ்சவங்களுக்கு உங்க டூலே வேணாம். தெரியாதவங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அத வச்சுத்தான் தேடுவாங்க, அதனால தலைப்பும் அப்படியே இருக்கட்டும். "ஸ்லைடர இழுக்கும்போதே குவெரி ஓடி ஓடி பக்கம் தொங்குது"ன்னு ஒரு தலைப்பு, கீழ கண்டினியுவஸ் அப்டேட்ட ஃபால்ஸ் பண்ணுங்க, டீஃபால்ட் ட்ரூ, கைய எடுத்தப்புறம்தான் வேல்யூ போகும்னு ரெண்டே வரி. "பக்கத்துல வர்ற நம்பர் வேணாம்"னா ரீடவுட். அந்த நம்பர் எப்படி தெரியணும்னா ரீடவுட் ஃபார்மேட், இன்ட் ஸ்லைடரும் ஃப்ளோட் ஸ்லைடரும் இதுல வேற வேற டீஃபால்ட். இந்த மாதிரி ஒரு 15, 20 எழுதினாலே உங்ககிட்ட வர்ற கேள்வி பாதி குறையும்.

தறிநூல்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, ஸ்டைலுக்குள்ள போகணும்ங்கிறது எனக்கு பழகிப்போனதால தோணவே இல்ல. இன்னொரு சந்தேகம், லேஅவுட்டுக்கு டீஃபால்ட் காலம்ல அன்டிஃபைன்ட்னு வருது, டாக்ஸ்ல அப்படியே விட்டுடலாமா?

மணிக்கூண்டு:
விடாதீங்க, பாக்குறவங்க அத நிஜ வேல்யூன்னு நெனைச்சு டைப் பண்ணிப் பாப்பாங்க. அந்த டீஃபால்ட் விட்ஜெட் உருவாகும்போதுதான் உருவாகுது, கிளாஸ்ல தேடினா கிடைக்காது. ஒரு விட்ஜெட்ட உருவாக்கி அதுலேர்ந்து படிங்க. உதாரணம் எல்லாத்தையும் ஒரு நோட்புக்ல வச்சு என்பிகன்வர்ட் (நோட்புக்க கமாண்ட்லேர்ந்து ஓட்டுற டூல்) எக்ஸிக்யூட்டோட சிஐல (தானா டெஸ்ட் ஓட்டுற சர்வர்) ஓட விடுங்க, லைப்ரரி அப்டேட் ஆகி உதாரணம் எர்ரர் அடிச்சா அன்னிக்கே தெரிஞ்சுடும்.

கருவேலம்:
டூல்ல தேடல் வச்சா ஹெல்ப் வரிய மட்டும் நம்பாதீங்க, "வெட்டுப்படுது"ன்னு தேடினா அதுல ஒண்ணும் சிக்காது. ஒரு யாம்ல் (சாதாரண டெக்ஸ்ட்ல பட்டியல் எழுதுற ஃபார்மேட்) ஃபைல்ல உங்க டீம் கேக்குற வார்த்தைய அப்படியே போட்டு ஆப்ஷனோட கோத்து விடுங்க. லேபிள் கேட்டாங்களே, அவங்க சொன்ன வாக்கியத்தையே முதல் வரியா போடுங்க.

தறிநூல்:
போட்டுட்டேன். ஸ்டைல் விரிக்கிறதும் இப்ப வேலை செய்யுது, இன்னிக்கு சாயங்காலம் அவங்ககிட்டயே கொடுத்து நான் எதுவும் சொல்லாம தேடச் சொல்லப் போறேன், எங்க தடுக்குதுன்னு பாத்துட்டு இங்கயே எழுதுறேன்.