மைலேஜ் அலவன்ஸ்: தொலைவுப்படியா, கிலோமீட்டர் படியா?

காரைக்காலிலிருந்து:
புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினர் சம்பளச் சொற்பட்டியலில் மைலேஜ் அலவன்ஸ், டிராவல் ரீயிம்பர்ஸ்மென்ட் இரண்டுக்குமே "பயணச் செலவு" என்று போட்டிருக்கிறோம். இது ஆகாது. முன்னது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை. டீசல் பில் கேட்க மாட்டார்கள். பின்னதற்கு ரசீது இல்லாவிட்டால் ஒரு பைசா பெயராது. சொல் ஒன்றானால் மைலேஜ் அலவன்ஸுக்கும் ரசீது கேட்டுப் பட்டியலைத் திருப்பி அனுப்புவார்கள்.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரி ஏறத்தாழ 130 கி.மீ. புதுவை விகிதம் தனி. கணக்குப் புரிய எம்.பி.க்களின் விகிதமான கி.மீ.க்கு 16 ரூபாயை எடுத்துக்கொண்டால் ஒரு வழிக்கு 2,080. மயிலாடுதுறையைச் சுற்றிப் போனாலும் குறுகிய வழியின் தூரத்துக்குத்தான் பணம். ஆகவே "தொலைவுப்படி" என்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து:
பொருள் சரி ஐயா, வடிவம்தான் இடறுகிறது. "தொலைவுப்படி வழங்கப்படும்" என்றால் சட்டப்படி, விதிப்படி மாதிரி "தொலைவுக்கு ஏற்ப" என்றே வாசிப்பார்கள். பயணப்படி, பஞ்சப்படி எல்லாம் புழங்கிப் பழகியவை. புதுச்சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. டாக்சி ஸ்டாண்டில் "ஓட்டம்" என்பார்கள். ஆனால் எம்.எல்.ஏ. பட்டியலில் "ஓட்டப்படி" என்று எழுதினால் ஓட்டுக்குக் கொடுத்த படி என்று கிளப்பிவிடுவார்கள்! இடம் விட்டு "கிலோமீட்டர் படி" என்றே எழுதலாம்.

விமானத்தையும் கவனிக்க வேண்டும். எம்.பி.க்களின் சம்பளம், படிகள் பற்றிய 1954 சட்டப்படி எம்.பி.க்கு விமானக் கட்டணத்தைப்போல் ஒன்றேகால் பங்கு. அந்தக் கால் பங்கு எந்த டிக்கெட்டிலும் இருக்காது. அதைக் "கட்டண மீட்பு" என்பது பிழை.

திருவாரூரிலிருந்து:
கிலோமீட்டர் படிக்கே என் ஆதரவு. ரீயிம்பர்ஸ்மென்ட்டுக்கு "செலவு மீட்பு" போதும். "ஈட்டுத்தொகை" வேண்டாம், அது நட்டஈட்டோடு குழம்பும். டெய்லி அலவன்ஸ் "தினப்படி"யாகவே இருக்கட்டும். பேட்டா டிரைவருக்கு, அமர்வுப்படி உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு.

"மொத்த ஊதியம்" என்று எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் அடைக்கவும் கூடாது. எம்.பி.க்கு 2023 ஏப்ரல் முதல் மாதச் சம்பளம் 1,24,000, தினப்படி 2,500. சம்பளத்துக்கு வரி உண்டு, அதுவும் "பிற வருவாய்" இனத்தில், ஏனென்றால் முதலாளி என்று யாரும் இல்லை. தினப்படிக்கோ 1961 வருமான வரிச் சட்டம் 10(17) பிரிவில் விலக்குத் தந்தது.

மாதிரிப் படிவத்தில் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கி.மீ., விகிதம், தொகை என்று கட்டங்கள் போடுங்கள். ரசீது எண் கட்டம் செலவு மீட்புப் பக்கத்தில் மட்டும்.